புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள்

"மிஸ், எங்க மேல கோவமா?"

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டபோது நான் ஒரு விடைத்தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எழுதியிருப்பது 'ர'வா, துணைக்காலா என்று பிடிபடவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றபோது, பையன் கேட்டதில் தப்பில்லை என்று தெரிந்தது. புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக இரண்டு கோடுகள். சும்மா இருக்கும்போதே யாரையோ திட்டக் கிளம்பின முகம்.

22 வருடம் தமிழ் வகுப்பு எடுத்ததில் சேர்ந்த சொத்து அது. கத்தாமல் வகுப்பை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வித்தை புருவத்தை நெரிப்பதுதான். ஒரு நாளைக்கு நூறு முறையாவது நெரித்திருப்பேன்.

அப்புறம் என்ன, இரண்டு வருடத்துக்கு முன்னால் போய், அந்தக் கோடுகளை மங்கவைக்கும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டேன். ஆறேழு மாதம் கழித்து இன்னொரு முறையும் போட்டுக்கொண்டேன். முதல் முறை ஒரு மாதிரி, இரண்டாம் முறை வேறு மாதிரி. இப்போது என் தங்கை தனக்கும் வேண்டும் என்று நிற்கிறாள். "பத்திரமானதா? முகம் சீக்கிரம் தொய்ஞ்சு போயிடுமாமே?" என்று தினம் ஒரு கேள்வி. அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஊசி குத்தப்போகிறார்கள் என்றால் நிறையப் படிக்கிற ரகம்.

நரை, திரை, மூப்பு என்று வரிசையாகச் சொல்வோம். திரை என்றால் தோல் சுருக்கம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் "சினிமாத் திரையா மிஸ்?" என்பார்கள். கடலலைக்கும் திரை என்றுதான் பெயர். தோல் மருத்துவர்கள் சுருக்கத்தை இரண்டாகப் பிரிப்பதைக் கேட்டபோது எனக்கு இந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது. சிரிக்கும்போதும் முகம் சுளிக்கும்போதும் தோன்றி உடனே மறைகிறவை ஒரு வகை, அவை அலை. முகத்தைத் தளர்த்தினாலும் போகாமல் நிற்பவை இன்னொரு வகை. அலை போன பின் மணலில் தங்கிவிட்ட வரிகள். ஊசிக்கு முழுதாகக் கட்டுப்படுவது முதல் வகை மட்டும்தான். இரண்டாவது வகை கொஞ்சம் மங்கும், சிலருக்கு மெல்ல மெல்ல ஆழம் குறையும், அவ்வளவுதான். வெயிலில் காய்ந்த கன்னத்தின் நுண்கோடுகள், தொங்கும் தாடை, கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளம் இவற்றுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை.

போடாக்ஸ் என்று எல்லோரும் பொதுவாகச் சொன்னாலும் அது ஒரு வணிகப் பெயர்தான். உள்ளே இருப்பது பாட்டுலினம் நச்சு. உலகத்தில் தெரிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. கெட்டுப்போன உணவில் வளர்கிற ஒரு பாக்டீரியா உண்டாக்குவது. லத்தீனில் 'பாட்டுலுஸ்' என்றால் இறைச்சி அடைத்த குழல், சாசேஜ். 1820களில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்ட சாசேஜ் சாப்பிட்டவர்கள் கண் செருகி, விழுங்க முடியாமல், மூச்சு நின்று இறந்ததை ஒரு மருத்துவர் வரிசையாகக் குறித்து வைத்தார். ஜஸ்டினஸ் கெர்னர் என்று பெயர். அந்த ஊர் மக்களுக்கு அவரைக் கவிஞராகத்தான் அதிகம் தெரியும். (தமிழ் டீச்சர் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை.) கெட்ட சாசேஜிலிருந்து எடுத்த சாற்றைத் தன் மேலேயே கொஞ்சம் சோதித்துப் பார்த்தார் மனிதர். நரம்பு தசைக்கு அனுப்பும் தகவலை இந்த நஞ்சு மறிக்கிறது என்று ஊகித்தார். மிகச் சிறிய அளவில் கொடுத்தால், அடங்காமல் துடிக்கும் உடம்பை அடக்க இதையே மருந்தாக்கலாம் என்றும் எழுதி வைத்தார். அது பலிக்க நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

1895இல் பெல்ஜியத்தில் ஓர் இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றி இறைச்சி சாப்பிட்டு விழுந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர், மாறுகண்ணைக் கத்தி வைக்காமல் நேராக்க முடியுமா என்று தேடி இந்த நச்சில் வந்து நின்றார். இழுக்கிற தசையைத் தளர்த்திவிட்டால் கண் நேராகுமே என்பது அவர் கணக்கு. கண் நோய்களுக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1989இல் அனுமதி கொடுத்தது. இதற்கிடையில் கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுக்கோடும் மறைந்துவிடுவதைக் கவனித்தார். அவர் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். 1992இல் இருவரும் சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். புருவ நடுக்கோட்டுக்கு அனுமதி வந்தது 2002இல். கண்ணோரச் சுருக்கத்துக்கு 2013, நெற்றிக் குறுக்குக்கோடுகளுக்கு 2017.

ஆக, அழகுக்கென்று யாரும் உட்கார்ந்து கண்டுபிடித்ததில்லை. கண்ணுக்காகப் போனவர்கள் வழியில் நெற்றியைப் பார்த்தார்கள்.

"விஷத்தைப் போய் முகத்துல போட்டுக்கறதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. அளவைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் தெளியும். புருவ நடுக்கோட்டுக்கு வழக்கமாகப் போடுவது 20 யூனிட். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இதே மருந்தை 12 வாரத்துக்கு ஒரு முறை 155 யூனிட் போடுகிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு இறுகிப்போன கை கால்களைத் தளர்த்த 400 யூனிட் வரைகூடப் போகிறார்கள். 100 யூனிட் குப்பியில் இருக்கும் நச்சுக் கலவை ஏறக்குறைய 5 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், அடியில் ஒன்றுமே தெரியவில்லை. காலிக் குப்பி என்றுதான் நினைத்தேன். அதில் உப்பு நீரை விட்டுக் கலக்கிய பிறகு ஊசியில் ஏற்றுகிறார்கள்.

வேலை செய்கிற விதம் கெர்னர் ஊகித்ததுதான். தசையைச் சுருங்கச் சொல்ல நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியே விடவேண்டும். அதை வெளியே தள்ளும் புரதங்களில் ஒன்றை இந்த நச்சு வெட்டிவிடுகிறது. நரம்பு சொல்லிக்கொண்டே இருக்கும், தசைக்குக் கேட்காது. பிறகு புதுக் கிளைகள் முளைத்து, பழைய முனையும் மீண்டு, மூன்று நான்கு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

முதல் முறை போனபோது அந்தத் தோல் மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, தசைக் களைப்பு நோய் ஏதும் உண்டா (மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர் சொல்லியே கேட்டார்), என்னென்ன மாத்திரை, சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஊசி ஏதாவது, முகத்தில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா. அப்புறம் என்னைக் கோபப்படச் சொன்னார், ஆச்சரியப்படச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். நாடக ஒத்திகை மாதிரி இருந்தது. ஐந்து இடங்களில் குத்தினார். எறும்பு கடித்த மாதிரி ஐந்து சுருக். "நாலு மணி நேரம் படுக்காதீங்க, இன்னைக்கு அந்த இடத்தைத் தேய்க்காதீங்க" என்றார்.

இரண்டு நாள் ஒன்றுமே தெரியவில்லை. நான்காம் நாள் காலையில் புருவத்தை நெரித்துப் பார்த்தேன். நெரிக்கவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, இடமும் தெரிகிறது, ஆனால் அங்கே ஆள் இல்லை. தாழ்ப்பாள் போட்ட கதவைத் தள்ளுகிற மாதிரி. இரண்டு வாரத்தில் கோடு மங்கி, நன்றாகத் தூங்கி எழுந்த முகம் கிடைத்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது.

சிக்கல் வகுப்பில்தான் வந்தது. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். வழக்கமாக இந்தப் பார்வைக்கே அடங்கிவிடுவார்கள். அன்றைக்கு இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார்கள். நான் கோபத்தில் இருப்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. அந்த மூன்று மாதமும் வாயைத் திறந்து கத்தவேண்டியதாகிவிட்டது. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இதைப் பற்றி ஆராய்ச்சியாளர்களும் யோசித்திருக்கிறார்கள். எதிரே இருப்பவரின் உணர்ச்சியை நாம் புரிந்துகொள்வதே ஓரளவு நம் முகமும் அதைப் பின்பற்றி அசைவதால்தான் என்று ஒரு கருத்து உண்டு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கண் பகுதியை மட்டும் காட்டும் படங்களைக் கொடுத்து உணர்ச்சியைச் சொல்லச் சொன்னார்கள். போடாக்ஸ் போட்டவர்கள், ஃபில்லர் (பள்ளத்தை நிரப்புகிற வேறு ஊசி) போட்டவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கினார்கள். அடுத்த வருடமே இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒன்று: மனச்சோர்வு உள்ள 30 பேரில் சிலருக்குப் புருவ நடுவில் மருந்தும் மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீரும் போட்டதில், மருந்து போட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. முகம் சுளிக்க முடியாவிட்டால் மனமும் சுளிக்க மறந்துவிடுமோ என்னவோ. எனக்கு இதில் ஒரு சந்தேகம். உப்பு நீர் போட்டவர்களின் புருவம் நெரியும், மருந்து போட்டவர்களுடையது நெரியாது. கண்ணாடியைப் பார்த்தாலே தனக்கு எது கிடைத்தது என்று தெரிந்துவிடுமே! இரண்டு ஆய்வுகளும் சின்னவை, சுவாரசியமானவை. அதற்கு மேல் அவற்றின் தலையில் பாரம் ஏற்ற நான் தயாரில்லை.

இரண்டாம் முறைக்கு வருகிறேன். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று வேறு இடம் போனேன். பெயர் சொல்லப்போவதில்லை. நான் போய் உட்காரும்போதே ஊசியில் மருந்து ஏற்றி வைத்திருந்தார்கள். குப்பியைப் பார்க்கவில்லை. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எவ்வளவு வசதி என்றுகூட நினைத்தேன், பாருங்கள்.

ஒரு வாரத்தில் இடது இமை பாதி இறங்கிவிட்டது. புத்தகம் படிக்க முகவாயை உயர்த்திப் பார்க்கவேண்டும். புருவத்துக்குப் போட்ட மருந்து கொஞ்சம் கீழே பரவி, இமையைத் தூக்கும் தசையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. நல்ல கையிலும் இது நடக்கும்; புருவக் கோட்டுக்கு அனுமதி வாங்குவதற்காக நடந்த சோதனைகளிலேயே நூற்றில் மூன்று பேருக்கு இமை இறங்கியது. ஆனால் எந்த இடம், எவ்வளவு ஆழம், எலும்பு விளிம்பிலிருந்து எத்தனை தூரம் என்பதெல்லாம் குத்துகிறவர் கையில் இருக்கிறது. முதல் மருத்துவரிடமே திரும்பப் போய் நின்றேன். திட்டவில்லை. இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "இதை மாத்தறதுக்கு ஊசி ஏதும் இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்லைங்க. தானா சரியாகும், காத்திருக்கணும்." ஐந்து வாரம் காத்திருந்தேன். அந்த ஐந்து வாரமும் பிள்ளைகள் "மிஸ், தூக்கம் வருதா?" என்று கேட்டார்கள். கோபமா என்று கேட்டதே தேவலை.

பத்திரமா என்ற கேள்விக்கு என் பதில் இந்த இரண்டு அனுபவத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, ஒரு நாள் தலைவலி, இமை இறக்கம், ஒரு பக்கப் புருவம் மட்டும் வில்லன் மாதிரி ஏறிக்கொள்வது எல்லாம் வந்து போகிற தொல்லைகள். நெற்றிக் குறுக்குக்கோட்டுக்கு அளவு மீறிப் போட்டால் புருவமே கனத்து இறங்கும், ஏனென்றால் புருவத்தைத் தூக்குவதற்கு அந்த ஒரு தசைதான் இருக்கிறது. இவற்றைத் தாண்டியது, நச்சு போட்ட இடத்திலிருந்து தொலைவுக்குப் பரவுவது. 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் விவரக் குறிப்பிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. விழுங்கச் சிரமம், குரல் மாறுவது, மூச்சுத் திணறல், பார்வை இரட்டையாவது, உடம்பு முழுக்கத் தளர்ச்சி. இதில் எது வந்தாலும், ஊசி போட்டுச் சில வாரம் ஆகியிருந்தாலும், நேராக அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். முகத்துக்குப் போடும் சரியான அளவில் இது மிக மிக அரிது. அரிதாக இல்லாமல் போவது எங்கே என்றால், குப்பி போலியாக இருக்கும்போது.

2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நான்கு பேர் உடம்பு முழுக்க முடங்கி, செயற்கை சுவாசத்தில் கிடந்தார்கள். அவர்களுக்குப் போடப்பட்டது மனிதர்களுக்கானதே இல்லை, ஆய்வகங்களுக்கு விற்கிற அடர்த்தியான நச்சு. 2024இல் அதே நாட்டில் பல மாநிலங்களில் போலிக் குப்பிகள் பிடிபட்டன; போட்டுக்கொண்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2023இல் துருக்கியில் எடை குறைப்பதற்காக வயிற்றுக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் கூட்டமாக நோய்ப்பட்டார்கள். அது சுருக்கத்துக்கான ஊசி இல்லை என்றாலும், அளவும் இடமும் மாறினால் இதே மருந்து என்ன செய்யும் என்பதைக் காட்டுகிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் யூனிட்டும் ஒன்றல்ல. போடாக்ஸில் 20 என்றால், இதே வகையில் வேறு கம்பெனி விற்கும் டிஸ்போர்ட்டில் 50. இந்தக் கணக்கு தெரியாதவர் கையில் ஊசி இருக்கக் கூடாது.

ஃபில்லரைப் பற்றித் தங்கை கேட்டாள், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: அது வேறு சாதி. தசையை அடக்காது, பள்ளத்தை நிரப்பும். தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகும், பார்வையே போகலாம். ஹையலுரானிக் அமில வகையைக் கரைக்க மாற்று ஊசி இருக்கிறது என்பது ஒரு ஆறுதல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி, முகம் சீக்கிரம் கிழடுதட்டுமா என்ற கேள்வி. "நிறுத்தினா முன்னைவிட மோசமாயிடும்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி ஆவதில்லை. மருந்து தேய்ந்ததும் தசை பழையபடி இழுக்கும், கோடு பழைய இடத்துக்கு வரும். மூன்று மாதம் வழுவழு நெற்றியைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது மோசமாகத் தெரிகிறது. கண் செய்கிற மோசடி.

மறுபக்கம், "வயதாவதைத் தள்ளிப்போடும்" என்பவர்கள் ஓர் இரட்டையர் கதையைச் சொல்வார்கள். 2006இல் வெளியானது. ஒரே கருவில் பிரிந்த இரட்டைச் சகோதரிகள். ஒருவர் 13 வருடமாக வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போட்டுக்கொண்டவர், மற்றவர் மொத்தமே இரண்டு முறை. முகத்தைத் தளர்த்தியபோது முதலாமவர் நெற்றியில் பதிந்த கோடு இல்லை, இரண்டாமவருக்கு இருந்தது. ஆனால் அதே ஆய்வில் எனக்குப் பிடித்த வரி வேறு. மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பு இருவருக்கும் ஒரே மாதிரி இருந்தது. அங்கே ஊசி போடவில்லை. போட்ட இடத்தில் கோடு பதியவில்லை, போடாத இடத்தில் வயது தன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு ஜோடியை வைத்து ஊருக்கெல்லாம் நியாயம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் ஊசி எது செய்யும், எது செய்யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

வருடக்கணக்கில் விடாமல் போட்டால் அந்தத் தசை மெலியும். உபயோகிக்காத எந்தத் தசையும் அப்படித்தான். சிலர் புருவத்தை அடக்கியதும் மூக்கின் மேல்பக்கத்தைச் சுருக்கிக்கொள்ளப் பழகுவார்கள், அங்கே புதுக் கோடுகள் வரும். முகம் வேறு வழி தேடிக்கொள்கிறது. வெகு சிலருக்கு உடம்பு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி, மருந்தே வேலை செய்யாமல் போவதும் உண்டு. இருபது இருபத்திரண்டு வயதில் வருமுன் காப்போம் என்று போகிற பழைய மாணவிகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். வராத கோட்டுக்கு என்ன காவல்? எனக்கு அது வீண் என்றுதான் படுகிறது.

முகத்தை உண்மையிலேயே கிழடாக்குவது வெயில். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தாத்தா, வலது பக்கம் அவர் தம்பி போல. கண்ணாடி வழியாகவும் புற ஊதா ஏ கதிர் வரும். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குக் கீழே இருந்த 903 பேரை நான்கரை வருடம் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு என்று 2013இல் எழுதினார்கள். இதில் இமை இறங்காது, காத்திருக்க வேண்டாம். நான் இதைத் தெரிந்துகொண்டது இரண்டு ஊசிக்குப் பிறகு. கற்றுக்கொடுக்கிறவர்கள் கற்றுக்கொள்கிற வேகம் இவ்வளவுதான்.

தங்கையிடம் நான்கு விஷயம் சொன்னேன். உன் எதிரிலேயே குப்பியைத் திறக்கச் சொல்லு. லேபிளைப் படி, கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் குறிச்சுக்கோ. எத்தனை யூனிட் என்று கேளு. இமை இறங்கினால் யாரிடம் வருவது என்று போடுவதற்கு முன்னாலேயே கேளு. அந்தக் கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அதெல்லாம் சரிக்கா. நீ மறுபடியும் போவியா, மாட்டியா?" என்றாள்.

"முதல் டாக்டர்கிட்டயே போவேன். ஆனா முழுப் பரீட்சை முடியட்டும்டி. தேர்வு அறையில நிக்கும்போது எனக்கு அந்த ரெண்டு கோடும் வேணும்."